சிவப்புப் பென்சில் விட்டுவைத்த செய்தி

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எங்கள் அடையாள அட்டைகளை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் நக்கியும் பார்த்திருப்பார்.

“என்ன வேலையா வந்தீங்க?”

“தீ காப்பீடு,” என்றார் மேடம். “தீயணைப்பு சிலிண்டர் எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்கணும்.”

“இங்கே எதுவும் எரியலையே.”

“எரிஞ்சதுக்கு அப்புறம் வந்தா பார்க்கறதுக்கு என்ன சார் மிஞ்சும்?” என்றேன் நான்.

அவர் சிரிக்கவில்லை. பெரிய நோட்டில் எங்கள் வருகையைப் பதினொன்று இருபது என்று எழுதிக்கொண்டு, உள்ளே போகச் சொல்லிக் கட்டைவிரலை அசைத்தார். எழுபது நாளாக எல்லாப் பத்திரிகை அலுவலகங்களிலும் இப்படி ஒருவரைப் புது ஆட்சி உட்கார வைத்திருக்கிறது. யார் வந்தார், யார் போனார், யார் யாரிடம் பேசினார், எல்லாம் நோட்டில் ஏறும். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘நாற்காலி’தான்.

எழுபது நாளுக்கு முன்னால் ஒரு காலையில் ரேடியோவில் வெறும் அணிவகுப்பு இசை ஓடியது. மதியத்துக்குள் நாடாளுமன்றத்தைப் பூட்டினார்கள். சாயங்காலத்துக்குள் என் ஜெராக்ஸ் கடைக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். நகல் எடுப்பது நாட்டுக்கு ஆபத்தாம். அன்றிலிருந்து நான் மேடத்தின் உதவியாள். இருபத்திரண்டு வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்து, தன் கிடங்குக்குத் தானே தீ வைத்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவர் அவர். என்னை ‘ஸ்பீக்கர்’ என்று கூப்பிடுவார். என்னை அணைப்பதற்குப் பொத்தான் இல்லை என்பது அவருடைய புகார்.

தீ காப்பீடு வெறும் சாக்குதான். எங்களை ரகசியமாக வரவழைத்தவர் பத்திரிகை ஆசிரியர். அவர் அறையில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது, ரேடியோ அலறியது. கதவைச் சாத்திய பிறகும் ஆசிரியர் எங்கள் முகத்துக்கு அருகில் குனிந்துதான் பேசினார். அவருக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ஆறாம் பக்கத்தை வடிவமைப்பவள். தேடப்படும் நிருபரின் கூடப்பிறந்த தங்கை.

“முதல் வாரம் பிடிச்சுட்டுப் போனவங்களை எங்கே வெச்சிருக்காங்கன்னு இவ அக்கா எழுதினா,” என்றார் ஆசிரியர். “ஒரே ஒரு நாள்தான் வந்துச்சு. மறுநாள்லேர்ந்து துறை அவளைத் தேடுது. இதுவரைக்கும் மூணு வீடு மாத்தியாச்சு. மூணு வீட்டுலயும் சோதனை நடந்துச்சு.”

‘துறை’ என்றால் கண்காணிப்புத் துறை. முழுப் பெயரைச் சொல்ல இப்போது யாருக்கும் வாய் வருவதில்லை.

“ரெண்டு தடவை பின்பக்கமா ஓடித் தப்பிச்சா,” என்றாள் தங்கை. “மூணாவது வீட்டுல, இடம் குடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியையை ஏத்திட்டுப் போயிட்டாங்க. பதினாறு நாளாச்சு. எங்கேன்னு தெரியல.”

“இப்போ அக்கா எங்கே?”

“நாலாவது வீட்டுல. அதுதான் கடைசி. இதுக்கு மேல யாரும் இடம் குடுக்க மாட்டாங்க. இன்னிக்கு நாலு மணிக்கு மேற்கு சாலை வழியா ஒரு லாரி போகுது. மூட்டைக்கு நடுவில அவளை உட்கார வெச்சு எல்லையைத் தாண்டணும்.”

“மேற்கு சாலையில சோதனைச் சாவடி இருக்கே.”

“துறையோட ரெண்டு ஜீப்பும் அங்கேதான் நிக்கும். எங்கேயாவது வீட்டைச் சோதனை போடப் போனாத்தான் அந்த இடத்தை விட்டு நகரும். இன்னிக்கு மூட்டையைப் பிரிக்காம விட்டா எங்க அதிர்ஷ்டம்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அதுக்கு முன்னாடி, இந்த ஆபீஸ்ல யார் காட்டிக் குடுக்கறாங்கன்னு தெரியணும். இல்லேன்னா லாரி கிளம்பறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துடுவாங்க.”

“எந்த வீடுன்னு யார் யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார் மேடம்.

“எனக்கு மட்டும்தான்.”

“அப்போ கண்டுபிடிச்சாச்சு, கிளம்பலாம்,” என்றேன். மேடத்தின் குதிகால் என் கால் கட்டைவிரலில் அழுத்தமாக இறங்கியது.

“அக்காகிட்டேர்ந்து உங்களுக்கு என்ன வரும்?”

“மருந்துக்கடைப் பையில சீட்டு வரும். நல்லா இருக்கேன்னு எழுதுவா. அப்புறம்…” அவள் தயங்கினாள். “செய்தி எழுதி அனுப்புவா.”

ஆசிரியர் தலையைத் தூக்கினார். “என்ன செய்தி?”

“சின்னதுதான் சார். ஜன்னல் வழியா பார்த்தது, அக்கம்பக்கத்துல பேசிக்கிட்டது. சாக்கடை அடைச்சிருக்கு, தெருவிளக்கு எரியல. எழுதாம இருக்க அவளால முடியல. பேர் போடாம ஆறாம் பக்கத்துல வெச்சேன். ஒளிஞ்சிருக்கற தெருவைக் கூட எழுத மாட்டா, ரெண்டு தெரு தள்ளித்தான் எழுதுவா.”

ஆசிரியர் நெற்றியில் அறைந்துகொண்டார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒளிந்திருக்கும்போதும் சாக்கடை அடைப்பை எழுதி அனுப்புகிற ஜென்மம் பத்திரிகைக்காரரைத் தவிர உலகத்தில் வேறு உண்டா? எனக்கு அந்த அக்காவைப் பார்க்காமலேயே பிடித்துப்போனது. கூடவே நாலு அறை விடவும் தோன்றியது.

“செய்தி உங்க கைக்கு வந்த நாளும் சோதனை நடந்த நாளும் ஒண்ணா?” என்று கேட்டார் மேடம்.

தங்கை விரல் விட்டு எண்ணினாள். முகத்தில் ஈயாடவில்லை. “ஒண்ணுதான்.”

“பேப்பர் வந்த அன்னிக்கா?”

“இல்ல. பேப்பர் மறுநாள் காலையிலதான் வரும். அதுக்கு முந்தின சாயங்காலமே ஜீப் வந்துடுச்சு.”

“அப்போ பேப்பரைப் படிச்சு வரல. அச்சுக்கு முன்னாடியே படிச்சவன் யாரோ ஒருத்தன்,” என்றார் மேடம். “அச்சுக்கு முன்னாடி இது யார் யார் கைக்குப் போகும்?”

“என் கை. அப்புறம் ஒன்றரை மணிக்குப் பக்கத்தோட புரூஃப் தணிக்கை ஆபீஸுக்குப் போகும். சிவப்புப் பென்சிலால வெட்டி மூணு மணிக்குள்ள திருப்பி அனுப்புவாங்க. வேற யாரும் பார்க்கறதில்ல.”

“திரும்பி வந்த புரூஃப் எல்லாம் இருக்கா?”

பீரோவிலிருந்து ஒரு கட்டு வந்தது. மேடம் அதை மேஜையில் விரித்தார். பக்கம் பக்கமாகச் சிவப்பு. அரிசி விலை வெட்டு. பள்ளிக்கூடக் கூரை வெட்டு. ‘நாளை மழை பெய்யலாம்’ என்பதற்கும் வெட்டு விழுந்திருந்தது. மேகத்துக்கும் அனுமதிச்சீட்டு வேண்டும் போலிருக்கிறது என்றேன். மேடம் காதிலேயே வாங்கவில்லை.

“ஸ்பீக்கர், இங்கே பாரு. நாலாம் பக்கத்துல பஸ் வரலைன்னு வாசகர் கடிதம், வெட்டியிருக்கு. குப்பை அள்ளலைன்னு ஒரு படம், வெட்டியிருக்கு. ஆறாம் பக்கத்துல சாக்கடை அடைப்பு?”

“சுத்தமா விட்டிருக்கான்.”

“தெருவிளக்கு?”

“விட்டிருக்கான்.”

“மூணாவது, உடைஞ்ச பாலம். அதையும் தொடல. மழையையே வெட்டறவன் இந்த மூணை மட்டும் ஏன் விட்டான்?”

மேடம் பழைய தேதியிலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே போனார். முதல் இருபது நாள் தாள்களில் வெட்டு கசாப்புக்கடை வெட்டாக இருந்தது. வாக்கியத்தின் நடுவில் ஆரம்பித்து இன்னொரு வாக்கியத்தின் நடுவில் நின்றது. இருபத்தோராம் நாளிலிருந்து ஆள் மாறியிருந்தது. வெட்டிய இடத்துக்கு முன்னும் பின்னும் இருந்தவை ஒட்டிப்போய்ப் பத்தி முழுசாக நின்றது. நான்கு வரி போனாலும் மிச்சத்தைப் படித்தால் எதுவும் போனது தெரியவில்லை.

“இவ்வளவு ஒழுங்கா வெட்டற தணிக்கை அதிகாரி உண்டா சார்?” என்று ஆசிரியரைக் கேட்டார்.

ஆசிரியரின் கண் தாளிலேயே நின்றது.

எனக்கும் தொழில் என்று ஒன்று இருந்ததே, அதைக் காட்ட நேரம் வந்தது. பன்னிரண்டு வருடம் மங்கின தாளையெல்லாம் தெளிவாக நகல் எடுத்துக் கொடுத்தவன் நான். “மேடம், கோடு வலப்பக்கம் தடியா ஆரம்பிச்சு இடப்பக்கம் மெலிஞ்சு முடியுது. வலதுகைக்காரன் இப்படி இழுக்க மாட்டான். இடதுகை ஆள்.”

மேடம் எழுந்து, சிலிண்டர் பார்க்கிற பாவனையில் பெரிய கூடத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். இருபது பேர் வேலை செய்யும் கூடத்தில் தட்டச்சு ஒலி மட்டும்தான் இருந்தது. எழுதுகிறவர்கள் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். பொதுவில் இருந்த தண்ணீர்க் கூஜாவை யாரும் தொடவில்லை, எல்லோர் மேஜையிலும் தனித்தனி பாட்டில். பக்கத்து நாற்காலிக்காரனே துறை ஆளாக இருக்கலாம் என்கிற பயம் அது.

நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. முதுகில் சாம்பல் நிற ஸ்வெட்டர் தொங்கியது. கால் வலித்ததால் நான் அதில் உட்கார்ந்தேன்.

“எழுந்திரு,” என்றார்கள் நாலு பேர் ஒரே நேரத்தில். அந்தக் கூடத்தில் அன்று ஒரே குரலில் வந்தது அது ஒன்றுதான்.

அது செய்தி ஆசிரியரின் நாற்காலி. முதல் நாளே துறை அவரை அழைத்துக்கொண்டு போனது. உயிரோடு இருக்கிறாரா என்று கூடத் தெரியாது. எந்தச் செய்தி கொண்டு போனாலும் ஓரத்தில் ‘யார் சொன்னது?’ என்று எழுதித் திருப்பிக் கொடுப்பாராம். அதனால் அவருக்கு ‘சந்தேகம் சார்’ என்று பெயர். அவர் திருத்திய பழைய தாள் ஒன்றை இளம் நிருபர்கள் விளையாட்டாகச் சட்டம் போட்டு அந்த மேஜைக்கு மேலே மாட்டியிருந்தார்கள். மேடம் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வலப்பக்கம் தடியாக ஆரம்பித்து இடப்பக்கம் மெலிகிற கோடு.

மறுபடியும் ஆசிரியர் அறை. மேடம் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த சட்டத்தையும் புரூஃபையும் அருகருகே வைத்தார்.

“உங்க செய்தி ஆசிரியர் உயிரோட இருக்கார். தணிக்கை ஆபீஸ்ல உட்கார்ந்து பென்சில் பிடிக்கிறார்.”

ஆசிரியருக்கு முகம் சிவந்தது. “அந்த மனுஷனைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா மரியாதை கெட்டுப்போகும். செத்தாலும் எங்க பிள்ளையைக் காட்டிக் குடுக்க மாட்டார்.”

“அவர் காட்டிக் குடுத்தார்னு நான் சொல்லலையே.”

“பின்னே?”

மேடம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “துறைக்காரனுக்கு எழுத்து வாசனை கிடையாது. பேர் போடாத செய்தியை யார் எழுதினதுன்னு அவனுக்குத் தெரியாது. ஆனா இவருக்குத் தெரியும். அதனாலதான் இவரைப் பிடிச்சு அங்கே உட்கார வெச்சான். ஆட்சியைக் குறை சொல்றது எல்லாத்தையும் வெட்டுன்னு உத்தரவு. இவரும் மழை வரைக்கும் வெட்டறார். தான் வளர்த்த பொண்ணு எழுதினதைப் பார்த்ததும் பென்சில் நின்னுடுது. சாக்கடைதானே, இதாவது போகட்டும்னு விட்டுடறார். அவன் செய்தியைப் படிக்கல சார். இவர் பென்சில் எங்கே நிக்குதுன்னு பார்க்கறான். நின்ன இடத்துல எந்தத் தெரு பேர் இருக்கோ, அங்கேயும் சுத்துவட்டாரத்துலயும் வீடு வீடா தேட ஜீப்பை விடறான்.”

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்காவோட முதல் செய்தியை எட்டு தடவை திருப்பி எழுத வெச்சவர் அவர்தான்,” என்றாள். “அதிகாரிகிட்ட எத்தனை மணிக்குக் கேட்டேன்னு நிமிஷத்தோட எழுதுன்னு அவர்தான் சொல்லிக் குடுத்தார். ஒளிஞ்சிருக்கும்போதும் மருந்துக்கடை போன்ல கேட்டு, நிமிஷத்தோடதான் எழுதினா. அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சிருப்பார்.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அவர் பிரியமா விட்டது எங்க அக்கா கழுத்துக்குக் கயிறா வந்திருக்கு.”

“அப்போ இன்னிக்கு எந்தச் செய்தியும் வைக்காம இருந்தாப் போதுமே,” என்றேன்.

“இருந்தா ஜீப் ரெண்டும் மேற்கு சாலையில நிக்கும்,” என்றார் மேடம். “மூட்டையைப் பிரிப்பாங்க. ஒரு செய்தி வைக்கணும். ஊருக்குக் கிழக்கே, தூரமா.”

ஆசிரியர் முகத்தில் அன்று முதல் முறையாக உயிர் வந்தது. தங்கைக்கு வரவில்லை.

“ஜீப் போய்த் தேடி ஒண்ணும் கிடைக்கலைன்னா, அவரை என்ன பண்ணுவாங்க?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஜோக் இல்லை. மேடம் புரூஃப் கட்டை மறுபடி ஒழுங்காக அடுக்கினார்.

“அவரைக் கேட்காம செய்யக் கூடாது,” என்றார் கடைசியில்.

“எப்படிக் கேட்பீங்க? துறைக்குப் போன் போட்டு லைன் குடுக்கச் சொல்வீங்களா?” என்றேன்.

“அவர் வீடு எங்கே சார்?”

“கிழக்கே, ஏழாம் குறுக்குத் தெரு. வீட்டம்மா தன் தம்பி ஊருக்குப் போயிட்டாங்க. வீடு பூட்டியிருக்கு. ஏன்?”

“அந்தத் தெருவைப் பத்தி அவருக்கு மட்டும் உடனே பொய்யுன்னு தெரியற மாதிரி ஏதாவது இருக்கா?”

ஆசிரியர் யோசித்தார். “தெருக்குழாய். அந்தத் தெருவுக்குப் பொதுக்குழாயே கிடையாது. பத்து வருஷமா அவரே எழுதி எழுதி அலுத்துப்போன விஷயம்.”

தங்கை எழுந்து போய்த் தட்டச்சுப் பொறி முன் உட்கார்ந்தாள். அக்காவின் எழுத்து நடையை அப்படியே கொண்டுவந்தாள்.

‘ஏழாம் குறுக்குத் தெருவில் பொதுக்குழாய் உடைந்து மூன்று நாட்களாகத் தண்ணீர் வீணாகி வருகிறது. இதுகுறித்துக் குடிநீர் வாரிய உதவிப் பொறியாளரிடம் பகல் 11.52 மணிக்குக் கேட்டபோது, பார்க்கிறோம் என்று மட்டும் கூறினார்.’

“படிச்ச உடனே அவருக்குப் புரியும்,” என்றார் மேடம். “இது பொய். நாம வேணும்னே வெச்சிருக்கோம். வெட்டினார்னா அவர் தப்பிச்சார், லாரி பாடு லாரிக்கு. விட்டார்னா…”

ஒன்றரைக்குப் புரூஃப் போனது. நாங்கள் சிலிண்டர்களை எண்ணினோம். ஒன்பது சிலிண்டரை நான் ஐந்து முறை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் ஒன்பதுதான் வந்தது. நாற்காலி எட்டிப் பார்த்து, “இன்னும் முடியலையா?” என்றார். “ஒண்ணு மட்டும் முறைச்சுக்கிட்டு நிக்குது சார், சமாதானம் பண்ணிட்டு இருக்கோம்,” என்றேன். அவர் எங்கள் அட்டைகளை மறுபடியும் வாங்கி எண்களைக் குறித்துக்கொண்டார்.

இரண்டு ஐம்பதுக்கு உறை வந்தது. மேடம் பிரித்தார்.

ஆறாம் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. பால் விலை இல்லை, பஸ் இல்லை, திருமண மண்டபத் திறப்பு கூட இல்லை. நடுவில் பொதுக்குழாய் மட்டும் கீறல் படாமல் நின்றது.

“புரியாம விட்டிருப்பாரோ?” என்றார் ஆசிரியர். அப்படியே இருந்துவிடட்டும் என்கிற ஆசை அவர் குரலில் இருந்தது.

நான் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். அழித்த பென்சில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அழுத்தி எழுதியிருந்தால் தாளில் பள்ளம் இருக்கும். செய்தியின் ஓரத்தில் பள்ளம் இருந்தது. எழுதி, பிறகு ரப்பரால் அழித்திருந்தார். எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

“‘யார் சொன்னது?’”

ஆசிரியர் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. “முப்பது வருஷம்,” என்றார். “முப்பது வருஷத்துல அந்த மனுஷன் தெரிஞ்சே விட்ட முதல் பொய்.”

மூன்று இருபதுக்கு வாசலுக்கு முன்னால் சாலையில் இரண்டு ஜீப்புகள் கிழக்கே பறந்தன. நாற்காலி எழுந்து நின்று அவற்றுக்கு வணக்கம் வைத்தார். நாலே முக்காலுக்கு மருந்துக்கடையிலிருந்து தங்கைக்குப் போன் வந்தது. “உங்க மருந்து சாவடியைத் தாண்டிப் போயிடுச்சும்மா.” அவள் சரி என்று சொல்லிப் போனை வைத்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

மறுநாள் சிலிண்டர் சான்றிதழ் கொடுக்கிற சாக்கில் மறுபடி போனோம். மூன்று மணிக்கு உறை வந்தது. தங்கை தாளை விரித்தாள்.

கோடுகள் எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டவை. தடி, மெலிவு எதுவும் இல்லை. வாக்கியத்தின் நடுவில் ஆரம்பித்து வாக்கியத்தின் நடுவில் நின்றன.

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ சாம்பலைப் பார்த்தவர். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்க எட்டுகிற தூரத்தில் நாற்காலி ஒருவர்தான் இருந்தார்.

தங்கை போனை எடுத்தாள். ஆசிரியர் வேண்டாம் என்று கை காட்டினார். அவள் கவனிக்கவில்லை. தணிக்கை அலுவலகத்து எண்ணைச் சுழற்றினாள். வாசலில் நாற்காலி நோட்டைத் திறப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

“எங்க செய்தி ஆசிரியர் எங்கே இருக்கார்னு தெரியணும்,” என்றாள். தன் பெயரையும் வேலையையும் சொன்னாள். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். “அவர் அங்கே இருந்தார்னு யார் சொன்னதுன்னா, அவர்தான் சொன்னார்,” என்றாள்.

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாளைய ஆறாம் பக்கத்துக்கான வெற்றுத் தாளை எடுத்து, பொதுக்குழாய் இருந்த அதே இடத்தில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

‘இப்பத்திரிகையின் செய்தி ஆசிரியரை எழுபத்தொரு நாட்களாகக் காணவில்லை. இதுகுறித்துத் தணிக்கை அலுவலகத்தில் மாலை 3.14 மணிக்குக் கேட்டபோது, பதில் அளிக்கவில்லை.’

கீழே தன் பெயரை அடித்தாள். அந்தச் செய்தி வெட்டப்பட்டுத்தான் திரும்பி வரும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, ஒருமுறை வாசித்துப் பார்த்தார்.

“என் பேரையும் போடு,” என்றார்.